தினமும் வந்த கடைசி ஆள்: அறச்சலூர்ப் பக்கத் தோட்டத்து வீடு ஒன்றின் வழியே தேசிய முதியோர் கொள்கை

ஈரோடு மாவட்டத்தில் அறச்சலூருக்கும் சிவகிரிக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்து வீட்டில், 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, 75 வயதான பெண்மணி ஒருவர் புறக்கடையில் தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டதால் அவரால் எழ முடியவில்லை. வீட்டுக்குள் கட்டிலில் இருந்த 82 வயதுக் கணவர், பக்கவாதத்தால் வலப்புறம் செயலற்று, பேச்சும் குழறிப்போய் நான்கு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருப்பவர். மனைவி கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது; அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட வந்தவர்தான் முதலில் பார்த்தார். அதற்குள் பத்து மணி நேரத்துக்கு மேல் அந்த அம்மா ஈர மண்ணில் கிடந்திருந்தார்.

இவர்களைக் கைவிடப்பட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மகன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார், தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுகிறார், அன்றைக்கும் பேசியிருக்கிறார். சொந்த வீடு, சொந்த நிலம், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் இருக்கின்றன. அரசின் மருத்துவத் திட்டம் ஒன்றும் அந்த வாசலை எட்டியிருந்தது. இத்தனையும் இருந்தும் ஓர் இரவு முழுவதும் அவர் தரையில் கிடக்க நேர்ந்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி. வீட்டுக்கே சென்று நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிக்கும் சிறு குழு ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கும் நான், விபத்துக்கு முன் ஆறு முறையும் பின் ஐந்து முறையும் அந்த வீட்டுக்குச் சென்றிருக்கிறேன். முதியோருக்குப் புதிய தேசியக் கொள்கை வேண்டும் என்ற பேச்சு நடந்துவரும் காலத்தில், இருக்கும் கொள்கையின் வரிகள் ஒரு வீட்டுக்குள் வந்து சேரும்போது என்ன ஆகின்றன என்பதைப் பதிவு செய்வது தேவை என்று கருதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஒற்றைப் பிள்ளை

கணவர் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆலை மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. மனைவி இரண்டரை ஏக்கர் காட்டையும் (புன்செய் நிலத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இரண்டு எருமைகளையும் பார்த்துக்கொண்டார். ஒரே மகன். ஏன் ஒன்றோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மா தயங்காமல் பதில் சொன்னார்: "ரெண்டரை ஏக்கரா காட்ட ரெண்டாப் பங்கு போட்டா யாருக்கு என்னங் நிக்கும்? ஒண்ணப் பெத்தோம், நல்லாப் படிக்க வெச்சோம். அப்பவே இந்தப் பக்கமெல்லாம் அப்பிடித்தானுங்."

இதில் மிகை இல்லை. காடு துண்டாகக்கூடாது, பிள்ளை நன்றாகப் படிக்கவேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் சேர்ந்து, கொங்குப் பகுதியின் நிலவுடைமைக் குடும்பங்களை நாட்டின் பிற பகுதிகளுக்கு வெகு முன்பாகவே சிறு குடும்பங்களாக்கின. குடும்பம் சிறுக வேண்டும் என்று அரசு சொன்னது. அந்தச் சொல்லை முதலில் கேட்டு நடந்தவர்களில் இவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி, 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.8. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் அப்போதே நூற்றுக்கு 10.4 பேர். மக்கள்தொகைக்கான தேசிய ஆணையத்தின் நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2031இல் தமிழ்நாட்டில் அது 18.2 ஆகும், நாட்டின் சராசரி 13.1 ஆக இருக்கும். கேரளத்துக்கு அடுத்து நாம் நிற்கிறோம். வட மாநிலங்கள் பள்ளிக்கூடம் கட்டவேண்டிய நிலையில் இருக்கும்போது நாம் படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் தேடவேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். ஒரே கொள்கை இரண்டு இடத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதை தில்லி உணர வேண்டும்.

மகன் 1998 முதல் பெங்களூரில் இருக்கிறார். அவருடைய மனைவியும் ஒற்றைப் பிள்ளை. அந்த மருமகளின் பெற்றோர் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆக, வேலைக்குப் போகும் இரண்டு பேருக்குப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோர் நான்கு பேர், இரண்டு ஊர்களில். இந்தக் கணக்கில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. அந்த மகனிடம் நான் மூன்று முறை பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் குரலில் இருந்தது குற்றவுணர்ச்சி. பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று அவர் பலமுறை அழைத்திருக்கிறார். நான்காவது மாடி வீட்டில் நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, மொழி தெரியாத ஊரில், படுத்திருக்கும் கணவரோடு என்ன செய்வது என்று தாய் மறுத்துவிட்டார். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று நான் எழுத மாட்டேன். தான் வாழ்ந்த இடத்திலேயே முதுமையைக் கழிக்க விரும்புவது அவருடைய உரிமை.

மாடு விற்ற பிறகு

விபத்துக்குப் பின் நான் திரும்பத் திரும்ப யோசித்தது விபத்து நடந்த இரவைப் பற்றி அல்ல. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, வைகாசியில், அவர்கள் எருமைகளை விற்ற நாளைப் பற்றி.

மூட்டுத் தேய்மானத்தால் அந்த அம்மாவால் கட்டுத்தரையில் குனிந்து சாணி அள்ள முடியவில்லை. தீவனம் அறுத்துவர முடியவில்லை. மகனும் சொன்னார், நாங்களும் சொன்னோம். சந்தைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வியாபாரியிடம் பேசி முடித்தார்கள். எங்கள் குறிப்பேட்டில் அன்றைக்கு "வேலைச் சுமை குறைந்தது" என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது நான்தான்.

ஆனி நடுவில் கணவருக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்தது. நான்கு ஆண்டுகளாகப் படுத்திருந்தும் வராத புண் அது. எங்கள் செவிலியர் கட்டுப்போட்டார், களிம்பு கொடுத்தார், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மறுபடியும் விளக்கினார். அந்த அம்மா தலையாட்டினார். புண் ஏன் இப்போது வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

பதில், விபத்துக்குப் பிறகு மருத்துவமனை வாசலில், பார்க்க வந்திருந்த பால்காரரிடமிருந்து கிடைத்தது. காலை ஐந்தரைக்கும் மாலை நான்கரைக்கும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் கேன்களோடு வந்து பால் கறந்து எடுத்துப் போனவர் அவர். "ஆத்தா ஒருத்தரால அய்யனத் திருப்ப ஆவறதில்லீங்க மேடம். நா வந்தா மொதல்ல கையக் காலக் கழுவிட்டு அய்யன ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முதுகுக்கு ஒரு தலகாணி குடுத்துட்டுத்தானுங் மாட்டுக்குப் போவேன். மாடு வித்தப்பறம் அந்தப் பக்கம் போறதுக்கு வேல இல்லீங்களே."

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பகல் நடுவில் அந்த அம்மா தலையணையை நகர்த்திச் சமாளித்திருக்கிறார். அந்த இரண்டு முறைகளும் நின்றதும் புண் வந்தது; அதோடு அந்த வீட்டுக்குத் தினமும் வந்த கடைசி ஆளும் நின்றுபோனார். ஆடி இரவில் விழுந்தவரை மறுநாள் காலை ஐந்தரைக்கே பார்த்திருக்கக்கூடிய ஒருவர் இல்லாமல் போனது எங்கள் குறிப்பேட்டில் "சுமை குறைந்தது" என்று பதிவாகியிருந்தது. பராமரிப்பு என்ற பெயரே இல்லாமல், கூலி இல்லாமல், பால் வியாபாரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடந்துவந்த பராமரிப்பு அது. அதை நாங்களே எங்கள் அறிவுரையால் அறுத்துவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் முதல் வருகைப் படிவத்தில் "குடும்ப ஆதரவு" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "உண்டு" என்று குறித்திருந்தேன். மகன் இருக்கிறார், பணம் வருகிறது, மனைவி பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்பவருக்கு என்ன வயது, அவருக்கு என்ன நோய், அவர் விழுந்தால் யார் வருவார் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. தேசியக் கொள்கையிலும் இல்லை.

பணம்

1999 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தேசிய முதியோர் கொள்கை, பொருளாதாரப் பாதுகாப்பு, உடல்நலம், உறைவிடம், கொடுமையிலிருந்து காப்பு என்று பல தலைப்புகளில் அரசின் பொறுப்பைப் பேசியது. அதற்கு அடித்தளமாக அது எடுத்துக்கொண்டது குடும்பத்தை. குடும்பமே முதியவரைப் பார்த்துக்கொள்ளும், அரசு குடும்பத்துக்குத் துணை நிற்கும் என்பது அதன் சாரம். 2011இல் மோகினி கிரி தலைமையிலான குழு ஒரு புதிய வரைவைத் தந்தது. அது கொள்கையாக நடைமுறைக்கு வரவில்லை. கால் நூற்றாண்டு கடந்தும் அடித்தளம் மாறவில்லை. கொங்கு நாட்டில் முதலில் சரிந்தது அந்த அடித்தளம்தான்.

ஓய்வூதியத்தில் இது நேராகத் தெரிகிறது. கணவருக்கு 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் வருவது மாதம் 1,000 ரூபாய். முதலில் அதற்கும் கீழே இருந்தது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று நிர்ணயிக்கப்பட்டபோது அந்த அளவுக்கு உயர்ந்தது, அதன் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு ஆலைகளில் இளமையைக் கழித்த ஒரு தலைமுறையே இந்தத் தொகையில் நிற்கிறது.

மனைவி முதியோர் உதவித்தொகைக்கு இருமுறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் விசாரணைக்கு வந்தவர் கேட்ட கேள்விகள் இரண்டு: பையன் இருக்கிறாரா, காடு யார் பெயரில் இருக்கிறது. பையன் இருக்கிறார், காடு கணவர் பெயரில் இருக்கிறது. விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. விசாரித்தவர் விதியைத்தான் பின்பற்றினார். "ஆதரவற்றவர்" என்ற சொல்லைச் சுற்றி எழுதப்பட்ட விதி அப்படித்தான் கேட்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் காட்டின் உண்மை வேறு. சாலை ஓரத்து நிலங்களின் விலை ஏறிவிட்டதால் காகிதத்தில் அது பெரிய சொத்து. கையில் அது தருவது, வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விட்டதில் ஆண்டுக்குச் சில மூட்டை கடலையும் சோளமும். விற்கவும் அந்த அம்மாவுக்கு மனமில்லை. விற்றால் வீடும் சேர்ந்து போகும்.

உதவித்தொகை கிடைக்கிறவர்களின் நிலையையும் சொல்லவேண்டும். முதியோர் உதவித்தொகையைத் தமிழ்நாடு 1962இலேயே மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. நாடு தழுவிய திட்டம் 1995 ஆகஸ்ட் 15இல் 75 ரூபாயோடு வந்தது. 2007இல் இந்திரா காந்தியின் பெயரில் அது விரிவாக்கப்பட்டபோது மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். இன்றும் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அதே 200 ரூபாய். 80 வயதானவர்களுக்கு 500. தமிழ்நாட்டில் 2023 முதல் மாதம் 1,200 ரூபாய் வழங்கப்படுகிறது என்றால் மிச்சத்தை மாநிலம் போட்டுக்கொள்கிறது. நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசே நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். 80 வயதை எட்டாத ஒரு முதியவரின் ஒரு மாதத்துக்கு மத்திய அரசு தரும் பங்கு, அதே அரசு ஓர் உடலுழைப்பாளியின் ஒரு நாளுக்கு நிர்ணயித்த தொகையை எட்டவில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எத்தனை பேருக்குத் தருவது என்ற உச்சவரம்பும் 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்துப் போட்டது. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இடையில் முதியவர்களானவர்கள் எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்கிறார்கள்.

மருந்தும் மருத்துவமனையும்

ஒரு திட்டம் இந்த வீட்டுக்கு உண்மையாகவே பயன்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வந்தன. அதைக் கொண்டுவந்த தன்னார்வலர் பக்கத்து ஊர்ப் பெண். வரும்போதெல்லாம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். இயன்முறைச் சிகிச்சையாளரும் வந்தார், ஆனால் ஓர் ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கும் அவரால் இந்தத் தோட்டத்துக்கு எத்தனை முறை வர முடியும்? திட்டத்தின் எண்ணம் சரியானது, திசையும் சரியானது. வருகைகளுக்கு இடையிலான இடைவெளிதான் பெரியது. பக்கவாதம் கண்டவருக்கு மாதம் ஒருமுறை கையைக் காலை அசைத்துவிட்டால் கட்டிப்போன தசை இளகாது.

அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. செலவில்லை, தாமதமில்லை, மருத்துவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். மத்திய அரசும் 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இந்தக் காப்பீடுகள் எல்லாம் மருத்துவமனைப் படுக்கைக்கு உரியவை. வீட்டுப் படுக்கைக்கு, அங்கே தேவைப்படும் காற்றுமெத்தைக்கும் டயப்பருக்கும் சிறுநீர்க்குழாய் மாற்றுவதற்கும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதற்கும், ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. இடுப்பெலும்புக்கு லட்சங்களில் செலவு செய்ய அணியமாக இருக்கும் அரசு, விழாமல் இருக்கத் தொட்டியருகே ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்கச் சில நூறு ரூபாய் செலவு செய்ய வழி வைக்கவில்லை.

அந்த அம்மா மருத்துவமனையில் இருந்த பன்னிரண்டு நாட்களில் மிகக் கடினமாக இருந்தது வேறொன்று. மனைவி மருத்துவமனையில், கணவரை எங்கே வைப்பது? அவருக்கு அவசரச் சிகிச்சை எதுவும் தேவையில்லாததால் சேர்த்துக்கொள்ள விதியில்லை. மருமகள் விடுப்பு எடுத்து வந்தார், மகன் வந்துபோனார், பங்காளி வீட்டார் மாறிமாறிச் சோறு கொண்டுவந்தார்கள். புண் ஆழமானது. இப்படிப்பட்ட நாட்களுக்கென்றே, பார்த்துக்கொள்பவர் நோயில் விழும்போது படுத்திருப்பவரை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கும் இடம் ஒன்று வட்டத்துக்கு ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக்கு 108 வண்டி வந்துசேரவே முக்கால் மணி நேரம் ஆனது. கதவு எண் இருக்கிறது, அதை வைத்து வழி கண்டுபிடிக்க முடியாது. மோட்டார் போட வந்தவர் தார்ச்சாலை வரை ஓடிப்போய் நின்று கைகாட்டி அழைத்துவந்தார்.

சட்டமும் வாசல் கேமராவும்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றி உறவினர் ஒருவர் அந்த அம்மாவிடம் பேசியிருக்கிறார். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளையிடமிருந்து வாங்கித் தருவார்கள் என்று. அந்த அம்மா எங்களிடம் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது: "பையன் மேல பிராது குடுக்கறதுக்கு நா எதுக்குங் கண்ணு உசுரோட இருக்கோணும்? அவன் என்ன செய்யாம இருக்கறான்?"

பிள்ளைகள் விரட்டிவிட்ட பெற்றோருக்கு இந்தச் சட்டம் பெரிய துணை; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொத்தை எழுதிக் கொடுத்தபின் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து அதைத் திரும்பப் பெற 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை இருக்கவேண்டும் என்று 2022 டிசம்பரில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் இச்சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறியிருக்கிறது. செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் பழக்கம் மிகுந்த நம் பகுதியில் பத்திரம் எழுதுபவர்கள் அந்த நிபந்தனையை ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. ஆனால் சட்டம் பிள்ளையைக் கேட்பது பணம். இந்த வீட்டில் இல்லாதது ஆள். நல்ல பிள்ளை ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை.

முதியோர் இல்லமும் இதே போலத்தான். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களைப் பேசுகிறது. இவர்கள் ஆதரவற்றவர்கள் அல்லர். கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் எழுந்திருக்கும் ஓய்வுக்கால வீடுகள் பல லட்சம் முன்பணம் கேட்பவை. இவர்கள் வசதியானவர்களும் அல்லர். நடுவில் நிற்கும் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் இங்கே மிகுதி.

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டதும், 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதி கொல்லப்பட்டதும் கொங்கு நாடெங்கும் பெரும் அச்சத்தை விதைத்தன. அதன் பிறகு மகன் வாசலில் கேமரா பொருத்தினார். பெங்களூரிலிருந்து கைபேசியில் பார்க்கலாம். அது வாசலையும் வண்டித்தடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் விழுந்தது புறக்கடையில். உள்ளே வரக்கூடிய அந்நியரைப் பற்றிய பயத்தில், உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க ஒரு கண்ணும் வைக்கப்படவில்லை. காவல்துறை ரோந்து வந்தது உண்மை, அது தேவையும்கூட. ஆனாலும் என் அனுபவத்தில் தோட்டத்து வீடுகளில் முதியவர்களுக்கு வரும் ஆபத்துகளில் மிகுதியானவை ஈரத் தரையும் இருட்டும் தனிமையும் கொண்டுவருபவை.

கொள்கை எங்கிருந்து தொடங்கவேண்டும்

புதிய கொள்கை முதலில் செய்யவேண்டியது, முதியவரைக் குடும்பத்தின் உறுப்பாக மட்டும் எண்ணாமல் தனி ஆளாக எண்ணுவது. பையன் இருக்கிறாரா என்ற கேள்வி உதவித்தொகை விண்ணப்பத்திலிருந்து நீங்க வேண்டும். சொத்தின் சந்தை விலையைப் பார்ப்பதற்குப் பதிலாக அதிலிருந்து கைக்கு வரும் வருமானத்தைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பங்கு விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். 2027 கணக்கெடுப்பு முடிந்த கையோடு உச்சவரம்பைத் திருத்துவோம் என்று கொள்கையிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லையெனில் அதுவும் 2001போல இருபது ஆண்டு நிற்கும்.

இரண்டாவது, என் பார்வையில் முதலாவதைவிட அவசரமானது: பணத்தோடு ஆள். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தபோது, அது எட்டிய ஊர்களில் குழந்தைகளுக்காக உள்ளூர்ப் பெண் ஒருவர் அமர்த்தப்பட்டார். அங்கன்வாடி என்பது அன்றைக்குப் புதிய எண்ணம். இன்று அது இல்லாத ஊரை நினைத்துப் பார்க்க முடியாது. அதேபோல முதியவர்களுக்காக, அதே ஊரிலிருந்து, முறையான பயிற்சியும் சம்பளமும் கொண்ட பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் மாத்திரை கொடுப்பவராக மட்டும் இல்லாமல் புரட்டிப் படுக்கவைப்பவராக, குளிக்கவைப்பவராக, தினமும் வந்து பார்ப்பவராக இருக்கவேண்டும். தனியார் வழியே வீட்டோடு தங்கும் செவிலியரை வைக்க இந்த மகன் விசாரித்தபோது மாதம் 22,000 ரூபாய் கேட்டார்கள். தோட்டத்து வீடு என்றதும் அதற்கும் ஆள் வரவில்லை. சந்தை இந்த வேலையைச் செய்யாது என்பதற்கு இந்த வீடே சான்று. நம் பகுதியின் சில சிற்றூர்களில் அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகளை விரல்விட்டு எண்ணலாம். அதே கட்டடத்தின் ஒரு பகுதி பகலில் முதியவர்களுக்குப் பயன்படலாம், சோறு ஆக்கும் அடுப்பும் அங்கே இருக்கிறது.

இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கி, 40 வயதான ஒவ்வொருவரிடமும் பங்களிப்பு வாங்குகிறது. மாதச் சம்பளக்காரர்கள் சிறுபான்மையாக உள்ள நம் நாட்டில் அதை அப்படியே எடுத்துவைக்க முடியாது. ஆனால் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வை வாங்கிக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குத் தரும் வழி 1996 முதல் நம்மிடம் இருக்கிறது. ஆலைகளும் பின்னலாடையும் விசைத்தறியும் ஏற்றுமதியும் நிறைந்த இந்தப் பகுதியில், அவற்றில் உழைத்து முதிர்ந்தவர்களுக்காக அப்படியொரு சிறு தீர்வையைக் கேட்பது அநியாயமாகாது.

தனியே வாழும் முதியவர்களின் பட்டியல் ஒவ்வோர் ஊராட்சியிலும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதை அக்டோபர் 2 கிராமசபையில் வாசிக்கலாம் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். முந்தைய நாள் உலக முதியோர் நாள் என்பதால் பொருத்தமாகவும் பட்டது. எங்கள் குழுவின் செவிலியர் தடுத்தார். எந்தத் தோட்டத்தில் யார் தனியே இருக்கிறார் என்பதை ஊர் கூடிய இடத்தில் சொல்வது சேமலைக்கவுண்டம்பாளையத்துக்குப் பிறகு ஆபத்து. அவர் சொன்னது சரி. பட்டியல் கிராமச் சுகாதாரச் செவிலியர், ஊராட்சிச் செயலர், காவல் நிலையம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இருக்கவேண்டும். அதில் 108 வண்டி வருவதற்கான வழியும் வரைந்திருக்கவேண்டும். வீட்டில் இருவரும் முதியவர்கள் என்றால் இரண்டு பெயர்களுக்கும் தனித்தனி வரி வேண்டும், பார்த்துக்கொள்பவர் என்ற பெயரில் ஒருவர் மறைந்துவிடாமல்.

எங்கள் படிவத்தை மாற்றிவிட்டோம். "குடும்ப ஆதரவு" என்ற கட்டத்துக்குப் பதிலாக, "இந்த வீட்டுக்குத் தினமும் வருபவர் யார், எத்தனை மணிக்கு, எதற்காக" என்று எழுதும் மூன்று வரிகள் சேர்த்திருக்கிறோம். மாடு, தறி, ஆட்டுப்பட்டி, எதை விற்கச் சொன்னாலும் அந்த வரிகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

அந்த அம்மா இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். புறக்கடையில் கம்பி பதித்தாகிவிட்டது. கேமராவில் ஒன்று உள்பக்கம் திரும்பியிருக்கிறது. பகலில் மூன்று மணி நேரம் ஊருக்குள்ளிருந்து ஒரு பெண்மணி வந்து சமையலையும் கணவரின் குளியலையும் பார்த்துக்கொள்கிறார்; மகன் மாதம் 6,000 தருகிறார். பால்காரரிடம் நான் பேசினேன். எருமை இல்லாவிட்டாலும் காலையில் அரைலிட்டர் பால் ஊற்றிவிட்டு, போகும்போது அய்யனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் போகிறார். புண் ஆறிவருகிறது. மாலையில் அவருடைய கறவைத்தடம் இப்போது அறச்சலூருக்கு அப்பால் வேறு பக்கம் போய்விட்டது. மாலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.